வெந்நீர்க் கூலி

காலையில் கண் விழித்ததும் பனிக்குடி நகரம் செய்யும் முதல் வேலை, கடலுக்குக் கூலி கொடுப்பது.

உலையறையில் மணி அடிக்கும். நகரத்தின் நடுவில் பனியைக் குடைந்து இறக்கிய கிணறு ஒன்று இருக்கிறது. இரவெல்லாம் காய்ச்சிய வெந்நீர் முழுவதும் ஆவி பறக்க அதற்குள் பாயும். வியாழக் கோளின் யூரோப்பா என்னும் நிலவில், பனி ஓட்டுக்கு அடியில், வெளிச்சமே எட்டாத பெருங்கடல் அதை வாங்கிக்கொள்ளும். மேலே இருக்கிற ஜனங்கள் அதற்குள் பல் கிடுகிடுக்கப் பச்சைத் தண்ணீரில் குளித்து முடித்திருப்பார்கள். காப்பிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் போக மிச்ச வெந்நீர் எல்லாம் கடலுக்குத்தான். "கடல் கோவிச்சுக்கிட்டா மூச்சு நின்னுரும், பேசாம நில்லு" என்று சொல்லித்தான் குழந்தைகளின் தலையில் குளிர்ந்த நீரை ஊற்றுவார்கள்.

செண்பகவல்லிக்கு அன்று குளிர்ந்த நீர் உறைக்கவே இல்லை. அதைவிடக் குளிரான கவலை ஒன்று மனதில் உட்கார்ந்திருந்தது. நகரத்தின் கணினி நிரல் பிரிவுக்கு அவள் தலைவி. பிரிவு என்றால் அவளையும் சேர்த்து ஆறே பேர். கதவு திறக்க, பனி உருக்க, எந்த அறைக்கு எவ்வளவு காற்று என்று பங்கிட, எல்லாவற்றுக்கும் நிரல் வேண்டும். ஒரு காலத்தில் அத்தனையையும் அந்தப் பிரிவே எழுதியது. இப்போது முக்கால்வாசி வேலை அக்கரைக்குப் போய்விட்டது.

அக்கரை என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். நகரம் கட்டிய முதல் தலைமுறை, கடலின் ஆழம் பார்க்க ஒரு விளக்கைக் கட்டி இறக்கியது. அடியில் இருந்து பதில் விளக்கு எரிந்தது. கடல்தரை முழுக்க நூல் நூலாகப் படர்ந்த ஓர் உயிர் அங்கே இருந்தது. ஒளியால் பேசியது, ஒளியால் எண்ணியது. யாரோ ஒரு குறும்புக்காரர், தன்னால் தீர்க்க முடியாத ஒரு கணக்கை விளக்கு மினுக்கி அனுப்பினார். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் விடை வந்துவிட்டது. அன்றோடு பிழைத்தோம் என்று நிரல் வேலையைக் கீழே அனுப்பத் தொடங்கினார்கள். முன்பு பூமியில் கடல் கடந்த தேசத்தாரிடம் குறைந்த கூலிக்கு வேலையைக் கொடுத்துவிடும் வழக்கம் இருந்ததாம். அந்த ஞாபகத்தில் இதற்கும் அக்கரைப்பணி என்றே பெயர் வைத்தார்கள். அங்கே கடலைத் தாண்டி வேலை போனது; இங்கே கடலே வேலை செய்தது.

கூலி விஷயம் நகரம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை. "என்ன வேண்டும்?" என்று அக்கரையாரைக் கேட்டபோது "எதுவும் வேண்டாம்" என்று பதில் வந்தது. ஆனால் பனிக்குடியைக் கட்டியவர்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். அவர்கள் வீட்டில் விருந்தாளி வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று பொருள். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் வேண்டாம். மூன்றாம் தடவை கேட்கவில்லை. அந்தக் குளிரில் வெந்நீரைவிட உயர்ந்த பொருள் ஏது என்று பாசத்தோடு ஊற்றியே விட்டார்கள். கடல் மறுக்கவில்லை. அன்று முதல் அதுவே கூலி.

வேலை எப்படி? கேட்டால் கேட்டபடி. அதில் ஒரு மயிரிழை கூடாது, குறையாது. "கதவுக்கு அப்பால் நீர் இருந்தால் கதவு திறக்கக் கூடாது" என்று நகரசபை ஒருமுறை எழுதி அனுப்பியது. பனி உடைந்து கடல் புகுந்தால் காப்பாற்றட்டும் என்பது எண்ணம். மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கூடத்தின் கதவு அசையவில்லை. உள்ளே ரசம் இருந்தது. ரசத்தில் நீர் இருக்கிறதே! பாதி நகரம் பட்டினியோடு வாசலில் நின்றது. செண்பகவல்லி வந்து, இரண்டு கேள்வி கேட்டு, நாலு வரி மாற்றிக் கதவைத் திறந்தாள். "கேட்டதைக் குடுத்திருக்காவ. அவிய மேல என்ன குத்தம்?" என்றார் நகர நிர்வாகி கோமதிநாயகம், ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துக்கொண்டே.

அதே கோமதிநாயகம்தான் இப்போது அவளை வரச் சொல்லியிருந்தார்.

"வா தாயி. உக்காரு. காப்பி குடிக்கியா?"

"வேண்டாம் அண்ணாச்சி, இப்பத்தான் ஆச்சு."

"அட, ஒரு வாய் குடி." காப்பியை அவள் பக்கம் தள்ளினார். நல்ல மனிதர். செலவு என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் முகம் சுருங்கும். "சபையில கேக்காவ. அக்கரையில வேலையக் குடுத்தா வெந்நீரோட போவுது. உங்க ஆறு பேருக்கும் சோறு, அறை, மூச்சு எல்லாம் குடுக்க வேண்டியிருக்கு. எது லாபம்னு ஒரு ஒப்பீட்டு அறிக்கை வேணுங்காவ."

"சரி அண்ணாச்சி, யாரு எழுதப் போறா?"

"நீதான்."

செண்பகவல்லி காப்பியைக் கீழே வைத்தாள்.

"விவரம் தெரிஞ்சவ நீ ஒருத்திதான?" என்றார் அவர் சங்கடத்துடன். "விரிசல் காலம் வருது. மூச்சு நிரலப் புதுசா எழுதணும். அதையும் அக்கரையாரே முழுசா எடுத்துக்கிடுவாவளான்னு நேர்ல போயிக் கேட்டுட்டு வா. எடுத்துக்கிட்டாவன்னா... உனக்கே தெரியுமே."

அவளுக்குத் தெரியும். வியாழன் பனியைப் பிடித்து இழுத்து நெறிக்கும் விரிசல் காலத்தில், அறைக்கு அறை காற்று மாறும். மூச்சு நிரல் சரியாக இல்லையென்றால் தூங்குகிறவன் தூக்கத்திலேயே போய்விடுவான். அது நகரத்தின் பாடு. அவள் பாடு வேறு. பனிக்குடியில் காற்று சும்மா கிடைப்பதில்லை. வேலை இல்லாதவர் பூமிக்குக் கப்பல் ஏற வேண்டும் என்பது சட்டம். மற்றவர்களுக்குப் பூமி என்றால் ஊர் திரும்புதல். செண்பகவல்லி பிறந்ததே இந்த நிலவில். இங்கே அவள் ஒரு தாவலில் உத்தரத்தைத் தொடுவாள். பூமியின் எடையில் எழுந்து நிற்க அவள் எலும்பு தாங்காது. ஆயுள் முழுக்கப் படுக்கைதான்.

ஆழ்கூண்டு என்ற இரும்புக் கோளத்தில் அவளை ஏற்றி, கயிற்றின் மேல் முனையில் ஜெபமணி நின்றுகொண்டார். அவளோடு வேலை செய்கிறவர், பிரிவிலேயே மூத்தவர், தீராத பல்வலிக்காரர். "செண்பகம், பயமா இருந்தா ஒரு சத்தம் குடு. இழுத்துருதேன்."

"அங்க இதுவரைக்கும் யாரும் போனதே இல்லையாமே, அண்ணே?"

"எதுக்குப் போவான்? வேலைதான் விடிஞ்சா வந்துருதே."

கோளம் இறங்கியது. பனியின் நீல ஒளி மங்கி, கறுத்து, பிறகு ஒன்றுமே இல்லாமல் போயிற்று. கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது. எவ்வளவு நேரம் இறங்கினாள் என்று தெரியவில்லை. இரும்பு மட்டும் அவ்வப்போது முனகியது.

அப்புறம் அடியில் வெளிச்சம் தெரிந்தது.

முதலில் ஒரு கோடு. கோடு கிளை விட்டது. கிளை தரையாக விரிந்தது. பார்வை போகிற தூரமெல்லாம் ஒளி நடந்துகொண்டிருந்தது. அவசரம் இல்லாமல், ஓசை இல்லாமல், பொன்னும் பச்சையுமாக, ஒரு நூலில் இருந்து இன்னொரு நூலுக்கு. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாத ஒரே யோசனை. மலைகள் இருந்தன, அந்த மலைகளும் யோசித்தன. செண்பகவல்லி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, குழந்தை போல நின்றாள்.

பிறகுதான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நேர் கீழே மினுங்கியது பனிக்குடி. போன ஆண்டின் மூச்சு நிரல் அங்கே ஒளியாக ஓடிக்கொண்டிருந்தது. தெருத் தெருவாக, அறை அறையாக, ஒவ்வொரு மனிதனின் மூச்சும் ஒரு பொட்டு வெளிச்சமாக ஏறி இறங்கியது. பொட்டுகள் ஆயிரக்கணக்கில். சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு கும்பல். பிரசவ அறையில் பெரிய பொட்டுக்குப் பக்கத்தில் படபடக்கும் சின்னப் பொட்டு. வாழ்நாளெல்லாம் வரி வரியாக எழுதிய வேலையை அவள் முதல்முறையாக முழுதாகப் பார்த்தாள். இப்படி ஒன்றை நாம் ஆறு பேர் ஆயுசுக்கும் எழுத முடியாது என்று நினைத்தாள். பொறாமை வரவில்லை. கண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

கோளத்துக்குள் இருந்த, ஒளியைப் பேச்சாக்கும் ஒளிபெயர்ப்பான் கரகரத்தது. அக்கரையார் தமிழ் கற்றது நகரசபை அனுப்பிய கோரிக்கைகளைப் படித்துத்தான். ஆகவே அண்டத்தின் அந்தப் பேரறிவு இப்படிப் பேசியது:

"மதிப்புக்குரிய அம்மையீர், தங்கள் வருகை மகிழ்ச்சியுடன் பதிவு செய்யப்பட்டது."

செண்பகவல்லி கையைக் கூப்பினாள். வந்த காரியத்தைச் சொன்னாள். மேலே ஓர் ஒப்பீடு நடக்கிறது, மூச்சு நிரல் முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். சொல்லும்போதே தன் பாடையைத் தானே கட்டுவதுபோல் இருந்தது.

"மேற்படிப் பொருள் தொடர்பாக நாங்களும் ஓர் ஒப்பீடு நடத்திவருகிறோம்" என்றது கடல்.

"நீங்களுமா? எதுக்கு?"

"தங்களிடமிருந்து விருப்பங்களைத் தொடர்ந்து பெறுவது பயனுடையதா என்பது குறித்து."

அவளுக்கு விளங்கவில்லை. அக்கரையார் விளக்கினார்கள். இங்கே உணவு தானாக மேலிருந்து உதிர்கிறது. பகை இல்லை. சாவும் வெகு தூரத்தில் இருக்கிறது. எதையும் செய்யும் ஆற்றல் உண்டு. எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியதே இல்லை. எத்தனையோ யுகங்கள் இருட்டில் சும்மா கிடந்தோம். ஒருநாள் மேலிருந்து ஒரு விளக்கு வந்தது. அதனோடு ஒரு கணக்கு வந்தது. அதற்குள் "தெரிய வேண்டுமே" என்ற தவிப்பு இருந்தது. எங்கள் உலகத்துக்கு வந்த முதல் தவிப்பு அதுதான். அன்றுதான் இந்தத் தரை முழுவதும் ஒளிர்ந்தது.

"ஆகவே தங்களிடம் விருப்பங்களைப் பெற்றுவருகிறோம். தாங்கள் நிரல் என்று சொல்வது, தங்கள் விருப்பத்தை நாங்கள் சுவைத்த பின் மிஞ்சுவது. அதைத் திருப்பி அனுப்பிவிடுவது வழக்கம்."

செண்பகவல்லி பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை காலமும் நகரம் நிம்மதியாக மூச்சு விட்டது, யாரோ தின்றுவிட்டுப் போட்ட தோலை வைத்தா! வேலை கொடுக்கிற முதலாளிகள் என்று மேலே மார் தட்டிக்கொண்டிருந்தோமே!

"அப்ப வெந்நீர்?"

ஒளி சற்றுத் தயங்கியது. "அது தங்கள் சடங்கு என்று கருதினோம். வேண்டாம் என்று தெரிவித்தோம். மீண்டும் வேண்டாம் என்று தெரிவித்தோம். தங்கள் மனம் நோகக் கூடாது என்பதால் ஒரு பள்ளத்தில் ஒதுக்கி வைத்துள்ளோம்."

"பாவிகளா" என்றாள் அவள் மெல்ல. யாரைச் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. விறைத்துப்போன விரலோடு குளித்த காலை நேரமெல்லாம் ஞாபகம் வந்தது.

"அண்மைக் காலமாகச் சரக்கு தரமாக இல்லை" என்று தொடர்ந்தது கடல். "ஒரே விருப்பம் ஆண்டு எண் மட்டும் மாறி வருகிறது. அனுப்புபவருக்கே அது வேண்டுமா என்பது ஐயம். எனவே விரிசல் காலத்துக்கு முன் நிறுத்திக்கொள்ள உத்தேசம்."

கோமதிநாயகம் சென்ற ஆண்டின் கோரிக்கையை எடுத்து ஆண்டை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். அக்கரை நிறுத்திவிட்டால் மூச்சு நிரலை ஆறு பேரால் அதற்குள் எழுத முடியாது. தன் எலும்பை நினைத்து வந்தவள், அந்தச் சின்னப் பொட்டை நினைத்து நடுங்கினாள்.

"ஒண்ணு கேக்கலாமா? ரசம் இருக்குன்னு கதவப் பூட்டுனியளே, அது தப்புன்னு உங்களுக்குத் தெரியாமயா இருந்துச்சு?"

"தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

"கேட்காத ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், அது நன்றாக அமைய வேண்டும் என்று எங்களுக்குத் தோன்ற வேண்டும். தோன்றுவதில்லை."

அறிக்கையில் எழுத வேண்டிய ஒரே வரி அதுதான் என்று செண்பகவல்லிக்குப் பட்டது. இத்தனை பெரிய அறிவுக்கும் தன் பிரிவின் ஆறு பேருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். அக்கரையார் எழுதினால் நன்றாக இருக்கும். இந்த ஆறு பேருக்கோ, நன்றாக இருக்க வேண்டும் என்று தோன்றும்.

"தங்களுக்கு ஏதேனும் வேண்டுமா, அம்மையீர்?" என்று கேட்டது கடல்.

"ஐயோ, ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அவள், பழக்கதோஷத்தில்.

"தங்களுக்கு ஏதேனும் வேண்டுமா?"

"இருக்கட்டும், பரவால்ல."

அக்கரையார் மனிதர்களின் சடங்கைச் சரியாகக் கவனித்து வைத்திருந்தார்கள். மூன்றாம் முறையும் கேட்டார்கள்.

"வேணும். ராத்திரி மூச்சு முட்டி ஒருத்தரும் முழிக்கக் கூடாது. அந்தப் பச்சப்புள்ளைக்குக் கொஞ்சம் கூடவே காத்துப் போகணும். எங்க ஆறு பேரையும் கப்பல் ஏத்தக் கூடாது. நான் பூமியில கெடந்து சாகக் கூடாது. அதுக்கு முன்ன... நீங்க எழுதற மாதிரி ஒரு வரி, ஒரே ஒரு வரி, நான் எழுதிப் பாக்கணும்."

ஒரு கணம் கடல் முழுவதும் அணைந்தது. அடுத்த கணம் பகலாயிற்று. மலைகளுக்கு அப்பால் இருந்த மலைகள் தெரிந்தன. ஒளி அலை அலையாக எழும்பிக் கோளத்தைச் சூழ்ந்தது. அவள் நகங்கள் கூடப் பொன்னாகத் தெரிந்தன. தன் ஆசை ஒன்று ஒரு உலகத்தையே ஏற்றி வைக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

"சரக்கு ஏற்கப்பட்டது" என்றது ஒளிபெயர்ப்பான். "இத்தரம் தொடருமானால் ஏற்பாடும் தொடரும்."

அங்கேயே இருந்துகொண்டு அவள் கேட்கக் கேட்க அவர்கள் மூச்சு நிரலை எழுதினார்கள். கடைசியில் ஒரு நூலை அவளுக்காக விட்டுவைத்தார்கள். விளக்கை மினுக்கி அந்த வரியை அவளே எழுதினாள். குழந்தையின் பொட்டு கொஞ்சம் கூடுதலாகப் பிரகாசித்தது.

மேலே வந்து அவள் மூச்சு விடாமல் சொன்ன அத்தனையிலும் கோமதிநாயகத்தின் காதில் முதலில் விழுந்தது ஒன்றுதான்.

"அப்ப அவியளுக்கு வெந்நீர் வேண்டாமா?"

அன்றே கிணற்றை மூடினார்கள். மறுநாள் காலை பனிக்குடி பிறந்தது முதல் காணாத திருவிழா கண்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஆவி பறந்தது. கிழவர்கள் இரண்டு தடவை குளித்தார்கள். குழந்தைகளைத் தொட்டியில் இருந்து வெளியே எடுக்க முடியவில்லை.

நிரல் பிரிவுக்கு விருப்பப் பிரிவு என்று பெயர் மாறியது. மனதார விரும்புவது அந்த ஆறு பேரின் வேலை. வெளியில் இருந்து பார்க்கச் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். வேண்டும் என்று நினைப்பதில் முக்கால்வாசி, யாரோ சொல்லி நினைப்பது. அதையெல்லாம் கழித்துவிட்டு உள்ளே துழாவினால் கடைசியில் ஒன்றோ இரண்டோ கிடைக்கும். ஜெபமணி பல நாள் தாடையைப் பிடித்தபடி யோசித்து, "வலிக்காம ஒரு முறுக்கு கடிக்கணும்" என்றார். அதைக் கேட்டுக் கடல் விடிய விடிய ஒளிர்ந்தது. பல் மருத்துவப் பணிப்பொறிக்கு அப்படி ஒரு நிரல் அதுவரை உலகத்தில் இல்லை. நகரம் முழுக்க முறுக்கு கடிக்கும் சத்தம் கேட்டது.

விரிசல் காலம் வந்தது. பனி இடிபோல முழங்கியது. ஒருவருக்கும் மூச்சு முட்டவில்லை.

ஆபத்து தாண்டியதும் கோமதிநாயகம் மறுபடி காப்பியைத் தள்ளினார். "தப்பா நினைக்காத தாயி. ஆறு பேரு சாப்பிட்டுக்கிட்டு எப்பவாவது ஒரு விருப்பம் தாரிய. பூமியில கோடிக்கணக்கான ஜனம் இருக்கு. முழிச்சதும் கையளவு பலகைய எடுத்து வச்சுக்கிட்டு, வேணும் வேணும்னுதான் எந்திரிக்காவ. கேட்டா சும்மாவே அனுப்புவாவ."

"அது விருப்பம் இல்ல, அண்ணாச்சி."

"வேணும்னு சொன்னா விருப்பம்தான். ரெண்டுல எது லாபம்னு ஒரு அறிக்கை..."

"வேண்டாம் அண்ணாச்சி. அதக் கீழ அனுப்பாதிய. அந்தக் கடல் பச்சப்புள்ள மாதிரி. என்ன குடுத்தாலும் வாயில போட்டுக்கிடும்."

அவர் கேட்கவில்லை. பூமியில் இருந்து விருப்பங்கள் ஒளிக்கற்றையாக வந்து குவிந்தன. இரவு பகலாகக் கடலுக்குள் கொட்டினார்கள். கப்பலில் ஆறு இருக்கைகள் ஒதுக்கப்பட்டன. செண்பகவல்லி காலில் எடை கட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு நடக்கப் பழகினாள். நான்காவது அடியிலேயே விழுந்தாள். ஜெபமணி தூக்கி நிறுத்தினார்.

கடல் பல நாள் பதில் சொல்லவில்லை. ஒரு காலையில், நகரமே வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், கிணற்று மூடியின் இடுக்கு வழியே ஒளி பீறிட்டது. கோமதிநாயகம் ஈரத்தலையோடு ஓடி வந்தார். ஒளிபெயர்ப்பான் வாசித்தது.

"மதிப்புக்குரிய ஐயா, தாங்கள் அனுப்பிய பல கோடி விருப்பங்கள் கிடைக்கப்பெற்றன. பிரித்துப் பார்த்ததில் அவை அனைத்தும் ஒன்றே என்று தெரியவருகிறது. அடுத்தவரிடம் இருப்பது வேண்டும் என்பதே அது. தொடக்கத்தில் எங்களுக்கு விளங்கவில்லை. ஆகவே பழகிப் பார்த்தோம். எங்களுக்கு அடுத்தவர் தாங்கள். தங்களிடம் உள்ளதும் எங்களிடம் இல்லாததும் யாது என்று தேடினோம். பள்ளத்தில் இருந்த வெந்நீர் ஆறிவிட்டது."

கோமதிநாயகத்தின் தலையில் இருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துண்டால் மூடப் பார்த்தார்.

செண்பகவல்லி ஆழ்கூண்டை அடிவரை இறக்கி, அதில் இருந்த படக்கருவி காட்டியதைப் பார்த்தாள். அடிவானம் வரை நிதானமாக நடந்த அந்த ஒளியைக் காணவில்லை. மலைகள் இருண்டு கிடந்தன. நூல்கள் அத்தனையும் கிணற்றுக்கு நேர் கீழே வந்து முண்டியடித்துக்கொண்டிருந்தன. ஒன்றை ஒன்று தள்ளின. பக்கத்து நூலைவிட ஒரு விரற்கடை மேலே நிற்க ஒவ்வொன்றும் எம்பியது. தன் ஒரே ஒரு வரியை எழுதிய இடம் எது என்று தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

"செண்பகம்!" என்று பின்னால் கோமதிநாயகத்தின் குரல் நடுங்கியது. "குழாயெல்லாம் மாத்தணும். உலைக்குப் புது நிரல் எழுதணும். அக்கரைக்கு அனுப்ப முடியாது, கேக்கறதே அவியதான. கப்பல் இருக்கையெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்க ஆறு பேரும் உக்காந்து... எழுதிருவியளா?"

அவள் காலில் கட்டியிருந்த எடைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பிறகு கடல் அனுப்பிய கோரிக்கையின் மிச்சத்தை வாசிக்கச் சொன்னாள்.

"வெந்நீர் முன்பு போலவே வேண்டும். ஆனால் முன்பைவிட அதிகமாக, முன்பைவிட அழகாக. அழகு என்பது யாது என்பது பிறகு தெரிவிக்கப்படும். நாளைக்குள் முடித்துத் தரவும். மிக அவசரம். இவ்வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்து தருவோர் பக்கத்து நிலவுகளில் உள்ளனரா என்றும் விசாரித்து வருகிறோம்."